பெண்களின் இரத்தக் குறைவு: ஒரு வரவு செலவுக் கணக்கு

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் எவரும் வரவு, செலவு, இருப்பு என்னும் மூன்று சொற்களின் பொருளையும் நன்கு அறிவர். வரவைக் காட்டிலும் செலவு மிகுந்த குடும்பம் முதலில் கையிருப்பைக் கரைக்கிறது. பின்னர்க் கடன் வாங்குகிறது. மழை பொய்த்த ஒரு வருஷத்தில் நிலத்தையும் இழக்கிறது. அந்த வருஷம் வரும்வரையில் வெளியார் கண்ணுக்குக் குடும்பம் செவ்வையாக நடப்பதுபோலவே தோன்றும்.

இத்தகைய கணக்கொன்று ஒவ்வொரு ஸ்திரீயின் தேகத்திலும் நடந்து வருகிறது. அது இரும்புச் சத்தின் கணக்கு. அக்கணக்கில் நெடுங்காலம் பற்றாக்குறை நேர்ந்தால் இரத்தக் குறைவு உண்டாகிறது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தக் குறைவு இருப்பதாகக் காணப்பட்டது. அதே வயதுள்ள ஆண்களில் இத்தொகை நூற்றுக்கு 25. தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இக்குறை காணப்பட்டது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்த ஆகாரத்தை உண்ணும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன் என்பதையும், அதைக் குறைக்கக் குடும்பத்தாரும் சங்கத்தாரும் செய்யக்கூடியது யாது என்பதையும் இப்பாடம் விளக்கும்.

1. இரத்தக் குறைவு என்பது யாது?

இரத்தத்திற்குச் செந்நிறம் தருவது அதிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளாகும். சுவாசப்பையினின்று பிராணவாயுவை ஏற்றுத் தேகமெங்கும் சுமந்து செல்வது இதன் தொழில். இதனை உண்டாக்குவதற்கு இரும்பு இன்றியமையாதது. இரத்தத்திலுள்ள சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்களே. ஆகையால் தேகம் இடைவிடாது புதிய அணுக்களைச் செய்துகொண்டே இருக்கவேண்டும். பழைய அணுக்களிலிருந்த இரும்பைத் தேகம் வீணாக்காது. மீண்டும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். ஆயினும் வெளியே போய்விட்ட இரத்தத்திலிருந்த இரும்பு திரும்புவதில்லை. அதனை ஆகாரத்தினாலேயே ஈடு செய்தல் வேண்டும்.

ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர், இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு உள்ளது என்பதைக் கொண்டு இரத்தத்தின் நிலை அளவிடப்படுகிறது. வயது வந்த பெண்ணுக்கு இது 12 கிராமுக்குக் குறையலாகாது. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறையலாகாது. கர்ப்பிணிக்கு 7 கிராமுக்குக் கீழ் இறங்கினால் அது கடுமையான இரத்தக் குறைவாகும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் இதனை அறிந்துவிடலாம். முகத்தைப் பார்த்து, "நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று சொல்வது, பேரேட்டைப் புரட்டாமல் ஒருவன் வேட்டியின் வெண்மையைக் கண்டு கடன் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

2. செலவுப் பக்கம்

தோல், குடல் முதலியவற்றின் வழியாகப் பெண்ணொருத்தி நாள்தோறும் ஏறக்குறைய 0.8 மில்லிகிராம் இரும்பை இழக்கிறாள். ஆணுக்கு இவ்வகை இழப்பு சற்று அதிகமாயினும், அவனுக்கு இயல்பாக வேறு செலவில்லை. பெண்ணுக்கோ மாதவிடாயில் சராசரி 30 முதல் 40 மில்லிலிட்டர் வரை இரத்தம் வெளியாகிறது. நல்ல இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். ஆகவே மாதம் ஒன்றுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை போய்விடுகிறது. இதனை நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 0.6 மில்லிகிராம் ஆகும்.

மூன்றாவது செலவு கொக்கிப் புழுவினால் வருவது. இது குடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் சிறு புழு. சிறிய இனத்துப் புழு ஒன்று நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தை வீணாக்குகிறது. அற்பம் என்று தோன்றும். ஆனால் 50 புழுக்கள் இருந்தால் 1.5 மில்லிலிட்டர் ஆகிறது. அதிலுள்ள இரும்பில் ஒரு பகுதியைக் குடல் மீண்டும் ஏற்றுக்கொண்டாலும், 0.5 மில்லிகிராம் இழப்பு நிற்கும். பெரிய இனத்துப் புழுவாயின் இழப்பு இதைப் போல் பல மடங்கு.

வரவுப் பக்கத்தில், பெரும்பாலும் தீட்டிய அரிசிச் சோற்றை உண்ணும் பெண்ணுக்கு ஒரு நாளைய ஆகாரத்தில் 12 மில்லிகிராம் இரும்பு கிடைப்பதாகக் கொள்வோம். தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பில் பன்னிரண்டில் ஒரு பங்கே இரத்தத்தில் சேருமாயின், வரவு 1 மில்லிகிராம்தான். இப்போது உதாரணக் கணக்கைப் பார்க்க.

நாள் ஒன்றுக்கு வரவு: 1.0 மில்லிகிராம்.
இயல்பான இழப்பு: 0.8 மில்லிகிராம்.
மாதவிடாய்: 0.6 மில்லிகிராம்.
கொக்கிப் புழு: 0.5 மில்லிகிராம்.
மொத்தச் செலவு: 1.9 மில்லிகிராம்.
பற்றாக்குறை: 0.9 மில்லிகிராம்.

மாதம் ஒன்றுக்கு இது 27 மில்லிகிராம் ஆகிறது. நல்ல போஷாக்குள்ள பெண்ணின் தேகத்தில் சேமிப்பாக இருப்பது ஏறக்குறைய 300 மில்லிகிராம். மேற்கண்ட கணக்கின்படி அது ஒரு வருஷத்திற்குள் தீர்ந்துவிடும். புழு இல்லையாயின் பற்றாக்குறை நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராமாகக் குறையும். சேமிப்பு இரண்டு வருஷம் தாங்கும். இருப்பு குறையக் குறையக் குடல் சற்று அதிகமான இரும்பை உறிஞ்சிச் சமாளிக்க முயல்கிறது என்பது மெய்யே. ஆயினும் வரவே சிறிதாயிருக்கும்போது இம்முயற்சி போதுவதில்லை.

இந்நிலையில் கர்ப்பம் உண்டாகிறது. சிசுவுக்கும் நஞ்சுக்கும் ஏறக்குறைய 300 மில்லிகிராம், தாயின் இரத்தம் பெருகுவதற்கு 500 மில்லிகிராம், வழக்கமான இழப்புக்கு 200 மில்லிகிராம், ஆக 1,000 மில்லிகிராம் இரும்பு ஒரு கர்ப்பத்திற்குத் தேவை. கையிருப்பு ஒன்றுமில்லாத குடும்பத்தில் கல்யாணச் செலவு வந்ததுபோல் ஆகிறது. ஒரு பிரசவத்தின் கடன் தீருமுன் அடுத்த கர்ப்பம் வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகையால் ஒரு பிரசவத்திற்கும் அடுத்த பிரசவத்திற்கும் இடையே 3 வருஷமாவது இருத்தல் நன்று. 18 வயதுக்குட்பட்ட பெண்ணின் விவாகத்தை 2006-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. தன் தேகமே வளர்ந்துகொண்டிருக்கும் சிறுமியின் கணக்கில் இன்னொரு உயிரின் செலவை ஏற்றலாகாது என்பதும் அதற்கு ஒரு நியாயமாகும்.

3. அடையாளங்கள்

இரத்தக் குறைவு மெல்ல மெல்ல வருவதால், அதனை உடையவளே அதை வியாதி என்று எண்ணுவதில்லை. சிறு வேலைக்கும் மூச்சு வாங்குதல், படியேறினால் மார்பு படபடத்தல், தலை சுற்றல், கண் இருளல், காலையில் எழும்போதே அயர்ச்சி, கைகால் ஓய்ந்து போதல், கண்ணின் கீழிமையின் உட்புறமும் நாக்கும் நகமும் வெளுத்தல் ஆகியவை இதன் குறிகள். குறை முற்றினால் முகமும் காலும் வீங்கும்.

மண், சாம்பல், சுவரிலிருந்து பெயர்த்த காரை, பச்சரிசி இவற்றைத் தின்னவேண்டும் என்ற ஆசையும் இதன் அடையாளமாக இருக்கலாம். இவ்வாசையுள்ள பெண்களை வீட்டார் ஏசுவதும், கர்ப்பிணியாயின் மசக்கை என்று சிரித்துவிடுவதும் வழக்கம். அதற்குப் பதிலாக இரத்தத்தைச் சோதிப்பதே முறை.

நடவிலும் களையெடுப்பிலும் பிறரோடு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன், அவள் இரத்தத்தின் அளவு யாது என்று கேட்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் பாடம் மனத்தில் நில்லாத பெண் குழந்தைக்கும் இது பொருந்தும்.

4. பிரசவ காலத்து அபாயம்

பிரசவத்தில் ஓரளவு இரத்தம் போவது இயற்கை. 500 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதனை மிகுந்த இரத்தப்போக்கு என்பர். நல்ல இரத்தமுள்ள பெண் இதனைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்வாள். ஹீமோகுளோபின் 7 கிராமுக்கும் குறைந்தவளோ இதனினும் குறைந்த இழப்பினாலேயே உயிருக்கு அபாயமான நிலையை அடையக்கூடும். ஏற்கனவே களைத்த இருதயம் பிரசவத்தின் உழைப்பைத் தாங்காமல் நின்றுவிடுவதும் உண்டு. குறைப் பிரசவமும், எடை குறைந்த குழந்தையும் இதனால் நேருகின்றன. அக்குழந்தை பிறக்கும்போதே குறைந்த இருப்போடு தன் கணக்கைத் தொடங்குகிறது.

இந்தியாவில் 2018 முதல் 2020 வரையிலான கணக்கின்படி, உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டில் இது 54. முன்னாளைய நிலையை நோக்க இது பெரும் முன்னேற்றம். ஆயினும் அப்படி இறந்த ஒவ்வொருத்தியும் ஒரு வீட்டின் தாய். இரத்தப்போக்கு இம்மரணங்களுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. பிரசவ வலி கண்ட பின்பு இரத்தத்தைப் பெருக்குவதற்கு நேரமில்லை. அதற்குரிய காலம் கர்ப்பத்தின் முதல் மாதங்களும், அதற்கும் முன்னே கழிந்த வருஷங்களுமே.

5. ஆகாரத்தில் செய்யவேண்டியவை

முதற்கண் ஒரு தவறான எண்ணத்தை விலக்கவேண்டும். பீட்ரூட்டும் மாதுளம்பழமும் சிவப்பாக இருப்பதால் அவை இரத்தத்தை ஊறச் செய்யும் என்று பலர் நம்பி, கடனுக்கேனும் அவற்றை வாங்குகின்றனர். அவை நல்ல ஆகாரங்களே; ஆனால் அவற்றில் இரும்பு மிகக் குறைவு. நிறம் வேறு, சத்து வேறு. விலை மலிவான உள்ளூர்ப் பொருள்களிலேயே இரும்பு அதிகமாக உள்ளது. 100 கிராம் எடையில், தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 0.65 மில்லிகிராம் இரும்பே உள்ளது. கேழ்வரகில் 4.6, முருங்கைக்கீரையில் 4.6, கம்பில் 6.4, கொள்ளில் 8.8 மில்லிகிராம் உள்ளன. கேழ்வரகையும் பயறுகளையும் முளைகட்டி உபயோகித்தால் இரும்பு எளிதில் சேரும். தமிழ்நாட்டில் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் 2023-ம் வருஷத்தில் நியாய விலைக் கடைகளின் மூலம் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது இவ்வகையில் நினைக்கத்தக்கது.

மாமிசம் உண்பவருக்கு ஆட்டின் சுவரொட்டி, இரத்தப் பொரியல், சிறு மீன், கருவாடு ஆகியவை நல்லவை. மாமிசத்திலுள்ள இரும்பு தானியத்திலுள்ளதைக் காட்டிலும் எளிதில் இரத்தத்தில் சேரும். உடன் உண்ட கீரை, பருப்பு இவற்றின் இரும்பும் சேருவதற்கு உதவும்.

உண்ணும் பொருளை மாற்றாமலே வரவைப் பெருக்குவதற்கும் வழியுண்டு. எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், கொய்யாப்பழம் ஆகியவற்றிலுள்ள சி ஜீவசத்து இரும்பு சேருவதை இரு மடங்கு வரையிலும் உயர்த்தக்கூடும். சூடு பட்டால் இந்தச் சத்து அழியுமாதலால், அடுப்பில் கொதிக்கும் குழம்பில் பிழியாமல், இலையில் இட்ட சோற்றின் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிவதே முறை. இதற்கு நேர் மாறாக, சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரும் காப்பியும் இரும்பு சேருவதைப் பாதிக்கும் மேலாகக் குறைத்துவிடும். காலை ஆகாரத்திற்குப் பதிலாகத் தேநீரைக் குடித்துவிட்டு வயலுக்கோ தோட்டத்திற்கோ போகும் பெண் இரு வகையில் நஷ்டமடைகிறாள். சாப்பாட்டிற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது செல்லவேண்டும். புளி சேர்ந்த பண்டங்களை இரும்புச் சட்டியில் சமைத்தால் சட்டியின் இரும்பிலும் சிறிது ஆகாரத்தில் சேரும். பழைய இரும்பு வாணலியைக் காயலான் கடையில் போடுவதற்கு முன் இதனை நினைக்கவேண்டும்.

2021-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி, அரசாங்கத் திட்டங்களில் வழங்கும் அரிசியை 2024-ம் வருஷத்திற்குள் சத்தூட்டிய அரிசியாக்குவதென்று பிரதம மந்திரி அறிவித்தார். 100 அரிசிக்கு 1 என்ற விகிதத்தில், இரும்பும் போலிக் அமிலமும் பி12 ஜீவசத்தும் சேர்த்துச் செய்த மணிகள் இதில் கலக்கப்பட்டன. இம்மணிகள் நிறத்தில் சற்று வேறுபட்டும், கழுவும்போது சில மிதந்தும் காணப்படுவதால், பல ஊர்களில் இதனைப் பிளாஸ்டிக் அரிசி என்று அஞ்சிப் பொறுக்கி எறிந்தனர். இது அரிசி மாவினாலேயே செய்யப்பட்டது. நியாய விலைக் கடைகளில் பலவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துவதால், இத்தகைய அரிசி வரும்போது அதனைப் பற்றிக் கேட்பவருக்கு விளக்கும் பொறுப்பு சங்கத்தாரைச் சேர்ந்தது.

எல்லாவற்றிற்கும் மேலான விஷயம் ஒன்றுண்டு. அநேக வீடுகளில் ஆண்கள் முதலில் உண்கின்றனர், பின்பு குழந்தைகள், எல்லோரும் எழுந்த பிறகு சமைத்தவள் உண்கிறாள். அப்போது கீரையும் பருப்பும் தீர்ந்து, சோறும் குழம்பின் தண்ணீருமே மிஞ்சியிருக்கும். ஒரே அடுப்பின் ஆகாரத்தை உண்டும் கணக்கு வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ம் வருஷத்தில் வகுத்த அளவின்படி, ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேண்டும். பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். அதிகம் தேவைப்படுகிறவளுக்குக் குறைவாகக் கிடைக்கும் ஏற்பாட்டை எந்தப் பஞ்சாயத்தாரும் நியாயமென்று சொல்லார். வீட்டார் யாவரும் ஒருங்கே அமர்ந்து உண்பதும், அது இயலாதபோது பெண்களின் பங்கை முன்னரே எடுத்து மூடி வைப்பதும் காசு செலவில்லாத சிகிச்சையாகும். இதனைத் தொடங்கவேண்டியவர் வீட்டுத் தலைவரே.

6. மாத்திரையும் சிகிச்சையும்

குறை ஏற்பட்ட பின்பு ஆகாரத்தினால் மட்டும் அதனை விரைவில் ஈடு செய்ய இயலாது. கர்ப்பிணிகள் நான்காவது மாதம் முதல் நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் அடங்கிய மாத்திரை ஒன்றை 180 நாட்களும், பிரசவத்திற்குப் பின் மேலும் 180 நாட்களும் உட்கொள்ளவேண்டும் என்பது 2018-ம் வருஷத்தில் தொடங்கிய தேசிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின் விதி. இரத்தக் குறைவு உள்ளவருக்கு இவ்வளவு இரட்டிக்கப்படும். வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு மாத்திரை என்ற திட்டம் 2013 முதல் நடந்து வருகிறது. இவை கிராம சுகாதார செவிலியரிடமும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், பள்ளிகளிலும் இலவசமாகக் கிடைக்கும்.

போலிக் அமிலத்தின் வரலாற்றில் நம் தேசத்து ஏழைப் பெண்களுக்கும் பங்குண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1928-ம் வருஷம் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளைப் பீடித்த கடுமையான இரத்தக் குறைவை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் இவ்வாராய்ச்சியை நடத்தினார். ஈஸ்டின் சாரம் அதனைக் குணப்படுத்துகிறது என்று 1931-ல் வெளியிட்டார். அவ்வகைச் சத்து 1941-ல் பசலை இலைகளினின்று பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லினால் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

மாத்திரை கிடைத்தும் பலர் அதனை அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டு வைக்கின்றனர். குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுத்துப் போதல் ஆகியவற்றைக் கண்டு அஞ்சுவதே காரணம். மலம் கறுப்பது இரும்பின் இயல்பு, அதனால் தீங்கில்லை. இரவு ஆகாரத்திற்குப் பின் உட்கொண்டால் குமட்டல் குறையும். எலுமிச்சம்பழச் சாற்றோடு உட்கொள்ளலாம். பாலோடும் தேநீரோடும் உட்கொள்ளலாகாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதனையும் ஒரே வேளையில் சேர்த்து விழுங்கலாகாது. மாத்திரையினால் குழந்தை கறுக்கும், பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்பவை ஆதாரமற்ற பேச்சுக்கள். ஒன்றில் மட்டும் மிக்க எச்சரிக்கை வேண்டும்: சிறு குழந்தைகள் மிட்டாய் என்று எண்ணிப் பல மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் அவற்றைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும்.

மாத்திரையால் குறை தீராதவர்க்கும், காலம் கடந்து வந்த கர்ப்பிணிகளுக்கும் ஆஸ்பத்திரியில் இரும்பு மருந்தை இரத்தக் குழாயின் வழியே ஏற்றுவர். மேலும், இரத்தக் குறைவு யாவும் இரும்புக் குறைவினால் வருவதல்ல. நீலகிரி மலைவாசிகள் சிலரிடையே, பரம்பரையாக வரும் அரிவாள் அணு நோய் இருப்பது 1952-ம் வருஷத்திலேயே வெளியிடப்பட்டது. அத்தகையோர் டாக்டரின் யோசனையின்படியே இரும்பு மருந்தை உட்கொள்ளவேண்டும்.

7. சுத்தத்தினால் செலவைக் குறைத்தல்

கொக்கிப் புழுவின் முட்டை மலத்தோடு வெளிவந்து, ஈரமும் நிழலுமுள்ள மண்ணில் பொரிக்கிறது. வெறுங்காலோடு அம்மண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலை அடைகிறது. வரப்பையும் ஓடைக்கரையையும் கழிப்பிடமாகக் கொண்ட ஊரில், அதே இடத்தில் வெறுங்காலோடு வேலை செய்யும் பெண்களுக்கு இது எளிதில் தொற்றும். கழிப்பறையைக் கட்டி, அதனை வீட்டார் யாவரும் உபயோகித்தல், செருப்பணிதல், கைகளைச் சோப்பினால் கழுவுதல், டாக்டர் அல்லது செவிலியரின் யோசனைப்படி பூச்சி மாத்திரை உட்கொள்ளுதல் ஆகியவை இதற்குப் பரிகாரம். கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழிந்த பின்பே இம்மாத்திரை கொடுக்கப்படும். கழிப்பறையைக் கட்டிவிட்டு அதில் விறகும் வறட்டியும் அடுக்கி வைப்பதால் பயனில்லை.

மாதவிடாயைப் பற்றிப் பேசுவதற்குப் பெண்கள் கூசுவதனால், மிகுந்த போக்குள்ளவரும் அதனை இயல்பென்று எண்ணி வாளாவிருக்கின்றனர். 7 நாட்களுக்கு மேல் நீடித்தாலும், கட்டி கட்டியாக வெளிப்பட்டாலும், ஒன்றிரண்டு மணிக்கொருமுறை துணியை மாற்ற நேர்ந்தாலும் டாக்டரிடம் காட்டவேண்டும். இது வெட்கத்திற்குரிய விஷயமன்று. செலவுக் கணக்கில் ஏற்பட்ட பெரும் ஓட்டை. துணியை உபயோகிப்பவர் அதனைச் சோப்பிட்டு நல்ல நீரில் அலசி, வெயிலில் உலர்த்தவேண்டும். ஆண்கள் கண்ணில் படலாகாதென்று கூரைச் செருகிலும் பெட்டியடியிலும் ஈரத்தோடு ஒளித்து வைப்பதால் அழற்சியும் அரிப்பும் உண்டாகின்றன. துணியாயினும் நாப்கினாயினும் 4 முதல் 6 மணி நேரத்திற்கொருமுறை மாற்றுவது நலம். அந்நாட்களில் பெண்ணைத் திண்ணையிலோ கொட்டகையிலோ ஒதுக்கி, பாதி வயிற்றுக்கு ஆகாரமிடும் வழக்கம் எங்கேனும் இருப்பின், இரத்தத்தை இழக்கும் நாட்களிலேயே வரவையும் குறைக்கும் அவ்வழக்கத்தை விடுதல் வேண்டும்.

8. சங்கம் செய்யத்தக்கவை

தனி மனிதனால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதே கூட்டுறவு. இவ்விஷயத்தில் சங்கத்தார் பின்வருமாறு முயலலாம்.

முதலாவது, கிராம சுகாதார செவிலியரையோ டாக்டரையோ அழைத்து, சங்கக் கட்டடத்தில் வருஷத்திற்கு இருமுறை பெண்களுக்கு ஹீமோகுளோபின் சோதனை நடத்தலாம். ஊருக்கு ஒதுக்குப்புறத்திலுள்ள குடியிருப்புகளுக்கும் மலைக் குக்கிராமங்களுக்கும் சோதனை செய்வோர் நேரில் செல்லுமாறு ஏற்பாடு செய்யவேண்டும். சங்கத்துக்கு வரக் கூசுவோரிடத்திலேயே குறை அதிகமாயிருக்கக்கூடும். ஒருவரது அளவைப் பிறர் அறியச் சொல்லலாகாது.

இரண்டாவது, துணை விதிகள் இடந்தருமாயின், கழிப்பறை கட்டுவதற்குச் சிறு கடன் வழங்கலாம். பொது நன்மை நிதியிலிருந்து இவ்வேலைக்குச் சிறு தொகை ஒதுக்கலாம்.

மூன்றாவது, பெண்களை அங்கத்தினராகச் சேர்க்கவேண்டும். பெண்கள் பேசாத கூட்டத்தில் இக்குறைகள் வெளிப்படமாட்டா.

நான்காவது, ஆண் அங்கத்தினர் இரத்த தானத்திற்கு முன்வரவேண்டும். 18 முதல் 65 வயதுக்குட்பட்ட, ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாத, ஆரோக்கியமுள்ள ஆண், டாக்டர் சோதித்துத் தகுதியுடையவன் என்று சொன்னால், 90 நாட்களுக்கொருமுறை இரத்தம் கொடுக்கலாம். அங்கத்தினரின் இரத்த வகையைக் குறித்த பட்டியலொன்றைச் சங்கம் வைத்திருந்தால், பிரசவ சமயத்தில் நள்ளிரவில் ஆள் தேடி அலையவேண்டியதில்லை. பஞ்ச காலத்திற்கென்று சங்கம் சேமநிதி வைப்பது போன்றதே இது.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. இவ்வூரில் கர்ப்பிணிகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் மூன்றாம் மாதத்திற்குள் பெயரைப் பதிவு செய்துகொண்டு இரத்தச் சோதனை செய்துகொண்டனர்?

2. வழங்கப்பட்ட மாத்திரைகள் உட்கொள்ளப்படுகின்றனவா? இல்லையாயின் காரணம் யாது?

3. அங்கத்தினர் வீடுகளில் கழிப்பறை எத்தனை? அவற்றுள் உபயோகத்திலுள்ளவை எத்தனை?

4. நியாய விலைக் கடையில் கேழ்வரகோ கம்போ உள்ளூரிலேயே வாங்கி விற்க வழியுண்டா?

5. பிரசவ வலி கண்டவளை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வாகனத்திற்கும், இரத்தம் கொடுப்போருக்கும் ஏற்பாடு என்ன?

6. நேற்றிரவு அங்கத்தினர் ஒவ்வொருவரின் வீட்டிலும் கடைசியாக உண்டவர் யார்? அவருக்கு மிஞ்சியிருந்தது யாது?

ஆறாவது வினாவுக்கு விடையைக் கூட்டத்தில் சொல்லவேண்டுவதில்லை. அங்கத்தினர் ஒவ்வொருவரும் அதனைத் தம் வீட்டில் கேட்டறிந்து, அடுத்த வேளை ஆகாரத்திலேயே திருத்திக்கொள்வது போதுமானது.